வேலூர்க் குறிப்புகள்: கொடிக்கம்பத்தின் நிழல்

முதல் நாள் (ஆகஸ்ட் 14, வியாழன்)

பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் என்னைக் காட்பாடியில் இறக்கிவிட்டபோதே வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. தோளில் துணிப்பை, கையில் தகரப் பெட்டி. படியேற உதவிக்கு வந்த பையன் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் உள்ள, இரும்பா?" என்றான். இரும்பும் உண்டு. காந்தங்கள், பூதக்கண்ணாடி, கொத்தனார்கள் வைத்திருப்பார்களே அந்தத் தூக்குக்குண்டு, ரசமட்டம், செம்புக் கம்பிச் சுருள், பழைய சி.டி. தட்டுகள், ஒரு கட்டு தென்னங்குச்சி. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் முப்பத்தோரு வருடம் அறிவியல் வாத்தியாராகக் காலம் தள்ளியவனுக்கு ஓய்வுக்குப் பிறகு மிஞ்சிய சொத்து இதுதான். மாதம் ஒரு ஊர், ஒரு பள்ளி என்று பெட்டியோடு சுற்றுகிறேன். இந்த மாதம் வேலூர்.

காட்பாடியிலிருந்து டவுன் பஸ். பாலாற்றுப் பாலத்தில் எல்லாரையும்போல நானும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். மணல், முள்செடி, ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பி வந்துவிட்டார். கோட்டைக்கு இனி ராஜா வரப்போவதில்லை. ஆறு மட்டும் வழக்கு முடியாமல் கிடக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத் தெருவில் லாட்ஜ். அந்தத் தெருவில் தமிழ் போர்டுகளுக்குச் சமமாக வங்காளி போர்டுகள். வைத்தியத்துக்காகக் கல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வருகிறவர்களுக்காக மீன் குழம்புச் சாப்பாட்டுக் கடைகள். நான் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன்.

பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்று படித்தால் புரியும். மாநகராட்சிக்குள் ஒரு நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு வரை. அங்கே அறிவியல் எடுக்கும் டீச்சர் ஒரு காலத்தில் பி.எட். பயிற்சிக்காகச் சென்னையில் என் வகுப்புக்கு வந்தவர். "சார், எங்க ஸ்கூலுக்கு ஒருவாட்டி வாங்க" என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் காட்டியது பீரோவை. சாம்பல் நிற கோத்ரெஜ் பீரோ, கைப்பிடியில் சங்கிலி, சங்கிலியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பூட்டு. சாவி தலைமை ஆசிரியரிடம். அவர் வந்து திறந்தார். உள்ளே முப்பட்டகம், சுருள்வில் தராசு, மின்சுற்று அட்டைகள், பீக்கர்கள், ஒரு நுண்ணோக்கி. கிட் பெட்டி ஒன்றின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரை விரித்துக் காட்டினார். "நுண்ணோக்கி: 1. நல்ல நிலையில் உள்ளது." யாரும் தொடாததால்தான் நல்ல நிலையில் உள்ளது.

"தொட்டா உடையும் சார். உடைஞ்சா எழுதணும். எழுதினா கேள்வி வரும். நான் ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தொண்ணூறுகளில், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு பையன் வெப்பமானியை உடைத்துவிட்டான். விளக்கம் எழுது என்றார்கள். எழுதினேன். போதாது என்றார்கள். கடைசியில் கைக்காசைப் போட்டு வாங்கி வைத்துவிட்டு, அந்த அலமாரியை நான்கு வருடம் பூட்டியே வைத்திருந்தேன். அந்த நான்கு வருடமும் கொதிநிலையைக் கரும்பலகையில்தான் நடத்தினேன். பிள்ளைகள் 100 டிகிரி என்று மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள்.

கருவி இல்லை, காசு இல்லை என்பதெல்லாம் பாதிதான் உண்மை என்பது என் கட்சி. நகரத்துப் பள்ளிகளில் ஓரளவுக்குச் சாமான் வந்துவிட்டது. உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குத்தான் யாரும் பதில் எழுதி வைக்கவில்லை. ஆகவே பூட்டு.

இதற்கு ஒரு சுற்றுவழி 2022-ல் வந்தது. அந்த வருடம் நவம்பர் 28 அன்று முதலமைச்சர் திருச்சியில் தொடங்கிவைத்த வானவில் மன்றம். "எங்கும் அறிவியல், யாவும் கணிதம்" என்று அதற்கொரு வாசகம். 710 கருத்தாளர்கள், 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள். ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து செய்துகாட்டி, செய்யவும் வைக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாகப் பதினெட்டு, பத்தொன்பது பள்ளி. இந்தப் பள்ளிக்கு வரும் கருத்தாளர் ஓர் இளம்பெண். ஸ்கூட்டியின் முன்பக்கம் பிளாஸ்டிக் கூடை, அதில் வினிகர் பாட்டில், பலூன், சமையல் சோடா. அவருடைய சாமான் பள்ளி ரிஜிஸ்டரில் ஏறாது. அதனால் அவர் வரும் நாளில் மட்டும் பிள்ளைகள் எதையும் தொடலாம். அவர் போனதும் பழையபடி பீரோதான்.

சாயங்காலம் கிளம்பும்போது தலைமை ஆசிரியரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "உங்க கொடிக்கம்பத்தை நாலு நாள் கடன் குடுங்க." சுதந்திர தினத்துக்கென்று புதிதாக நட்டு வெள்ளிப் பெயின்ட் அடித்த கம்பம். ரிஜிஸ்டரில் இன்னும் ஏறவில்லையாம். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

இரண்டாம் நாள் (ஆகஸ்ட் 15, வெள்ளி)

எட்டு மணிக்கே கொடியேற்றிவிட்டார்கள். வார்டு கவுன்சிலர் பேசினார், ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள், பிள்ளைகள் கலைந்தார்கள். எட்டாம் வகுப்பில் இருபது பேர் மட்டும் நின்றார்கள். டீச்சர் முதல் நாளே தக்காளி சாதம் உண்டு என்று சொல்லி வைத்திருந்தார்.

வேலை எளிது. பதினோரு மணியிலிருந்து கம்பத்தின் உச்சி நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். பக்கத்தில் நேரம் எழுத வேண்டும். சூரியனை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. தரையைத்தான் பார்க்க வேண்டும். மேடைக்கு மேல் கம்பம் இருபது அடி.

ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டேன். நண்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழும்? "வடக்கு சார்!" இருபது பேரும் ஒரே குரல். குடையோடு நின்றிருந்த தலைமை ஆசிரியரும் "வடக்குத்தான்" என்றார். பாடத்தில் அப்படித்தான் படித்திருக்கிறோம்; நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள், சூரியன் தெற்கே.

பன்னிரண்டைத் தாண்டியதும் பிள்ளைகளுக்கு முகம் மாறியது. நிழல் குட்டையாகிக் குட்டையாகித் தென்மேற்கில் நிற்கிறது. அப்புறம் தெற்கு. பச்சை ரிப்பன் கட்டிய ஒரு பெண் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, தலைமை ஆசிரியரிடம் காட்டினாள். அவர் கைப்பேசியை வாங்கித் தட்டிப் பார்த்தார். தன்னுடையதை எடுத்தார். அதுவும் தெற்கு என்றது. குடையை மடக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். வேலூர் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 12.9 டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியனோ ஜூன் மாதத்தில் 23.4 டிகிரி வடக்கு வரை ஏறி வருகிறது. ஏறும்போது ஏப்ரல் 24-ஐ ஒட்டி நம் உச்சியைக் கடக்கிறது, இறங்கும்போது ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மறுபடி கடக்கிறது. இடைப்பட்ட நாலு மாதம் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். டெல்லிக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. அவர்கள் தலைக்கு மேல் சூரியன் ஒருநாளும் வராது. முப்பத்தோரு வருடம் வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், இதை நானும் நாற்பது வயதுக்கு மேல்தான் வெளியே நின்று பார்த்தேன்.

நிழலை அளந்தபோது சண்டை. மூன்று குழு, மூன்று அளவு: நாலு அங்குலம், நாலரை, ஐந்தரை. யார் சொல்வது சரி? குனிந்து பார்த்தால் காரணம் தெரியும். சூரியன் புள்ளி இல்லை. அரை டிகிரி அகலமுள்ள தட்டு. இருபது அடி உயரத்து முனையின் நிழல் தரைக்கு வருவதற்குள் இரண்டு அங்குலத்துக்கு மேல் கலங்கிவிடும். அதில் எது ஓரம் என்று ஆளுக்கு ஆள் மாறத்தான் செய்யும். டீச்சர் மூன்று அளவையும் பலகையில் எழுதி, எதையும் அழிக்கவில்லை. நல்ல டீச்சர்.

எனக்கு மனசில் ஒட்டிக்கொண்டது இன்னொன்று. வேலூரின் தீர்க்கரேகைப்படி இன்றைக்கு உச்சிவேளை 12.18-க்கு வர வேண்டும். பிள்ளைகளின் புள்ளிகளில் நிழல் மிகக் குட்டையாக இருந்தது 12.22-க்கு. நாலு நிமிடம் எங்கே போயிற்று? "கலங்கல் நிழல்ல முன்ன பின்ன ஆகும்மா" என்றேன். பச்சை ரிப்பன் தலையாட்டவில்லை. நிழல் நிமிடத்துக்கு ஓர் அங்குலம் கிழக்கே நகர்வதை அவளே அளந்து வைத்திருந்தாள். நாலு நிமிடம் என்றால் நாலு அங்குலம். "அது தெரியாம போகுமா சார்?"

தக்காளி சாதம் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் (ஆகஸ்ட் 16, சனி)

காவலூர் போய்வந்தேன். காலை வேலூரிலிருந்து வாணியம்பாடி பஸ். ஆம்பூரைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள் தோல் வாடை வந்து போயிற்று. பக்கத்து சீட்டில் ஷூ கம்பெனி அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள் தூங்கிக்கொண்டு வந்தார்கள். வாணியம்பாடியில் மாறி ஆலங்காயம், அங்கிருந்து ஜவ்வாது மலைப் பாதையில் இன்னொரு பஸ். 2019-ல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு இது திருப்பத்தூர் மாவட்டம். என் வயசுக்காரர்களுக்கு எல்லாமே வடஆற்காடுதான்.

மரங்களுக்கு நடுவே வெள்ளைக் குவிமாடங்கள். வைணு பாப்பு வானாய்வகம். ஒரு தனியார் பள்ளி வேன் வந்திருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று குறிப்பெடுத்தார்கள். கண்ணாடியின் அகலம் 2.34 மீட்டர் என்று வழிகாட்டி சொன்னதும் இருபது பேனா ஒரே சமயத்தில் எழுதின. யாரும் கையை விரித்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். என் இரண்டு கையையும் முழுசாக விரித்தால் ஐந்தரை அடி. அதற்கும் மேலே இரண்டு அடிக்குக் கூடவே வரும்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த கதை அந்தப் பெரிய தொலைநோக்கியினுடையது இல்லை. 1968-ல் இங்கே முதலில் வேலைக்கு வந்தது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று. அதைக் கோடைக்கானல் வானாய்வகத்தின் கொல்லைப்புறத்தில் அவர்களே செய்தார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருந்தால் தெற்கு வானமும் நிறையத் தெரியும் என்றுதான் வானியலாளர் வைணு பாப்பு இந்தக் காட்டைத் தேடிப் பிடித்தார். 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் நகர்ந்தபோது, கோள் மறைக்கும் முன்பே நட்சத்திர ஒளி மங்குவதை இங்கிருந்து பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்பது உலகத்துக்குத் தெரிந்தது அந்த இரவின் பதிவுகளிலிருந்துதான். யோசித்துப் பார்த்தால் அதுவும் நிழல் பார்த்த வேலைதான். நேற்று எங்கள் பிள்ளைகள் சாக்பீஸால் செய்தார்கள், இவர்கள் ஒளிமானியால்.

பெரிய கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியதும் நம் ஆட்கள்தான், பெங்களூரில். 1982-ல் பாப்பு காலமானார். தொலைநோக்கி 1986 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அதற்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அந்தத் தொலைநோக்கியின் அச்சு ஏன் அப்படிச் சாய்ந்திருக்கிறது என்று வேன் பிள்ளைகளில் ஒருவன் மெதுவாக என்னிடம் கேட்டான். வழிகாட்டியிடம் கேட்கக் கூச்சம். பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் தம்பி, அதனால் தரையிலிருந்து பன்னிரண்டரை டிகிரி சாய்த்திருக்கிறார்கள், இந்த ஊரின் அட்சரேகை அவ்வளவு என்றேன். வேலூரை விடக் கொஞ்சம் தெற்கு. அதனால் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே விழாத நிழலில்லா நாளும் இங்கே ஒரு நாள் தள்ளி, 19-ம் தேதி. அவன் அதைக் குறிப்பேட்டில் எழுதாமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

ராத்திரி வானம் பார்க்கலாம் என்ற ஆசையில்தான் போனேன். ஐந்து மணிக்கே மேகம் கவிழ்ந்துவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தொலைநோக்கி பார்க்கப் போனது என் தப்பு. கடைசி பஸ்ஸைப் பிடித்து, நனைந்தபடி ஊர் வந்து சேர்ந்தேன்.

நான்காம் நாள் (ஆகஸ்ட் 17, ஞாயிறு)

கோட்டையைச் சுற்றி ஒரு நடை. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடத்தில் இப்போது பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அகழியில் தண்ணீர் இருக்கிறது, நல்லது.

அப்புறம் முழுக் காலையும் வால்வு டியூப் தேடினேன். சைக்கிள் டியூப் வாயில் போடுவோமே, மெல்லிய ரப்பர் குழாய், அது. நாலு கடையில் இல்லை. "இப்ப யாரு சார் அந்த வால்வு போடறாங்க" என்றார்கள். ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர் மேசை டிராயரைத் துழாவி ஒரு சுருளை எடுத்தார். விலை சொல்லத் தெரியாமல் பத்து ரூபாய் கேட்டார். பெட்டிக்கடையில் தீப்பெட்டி ஒரு பண்டல் வாங்கினேன். திருப்பிப் பார்த்தால் குடியாத்தம். பக்கத்து ஊர்ச் சரக்கு.

வால்வு டியூபும் தீக்குச்சியும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகளே கையால் செய்து பார்த்து அறிவியல் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2002-ல் அரசு நிறுத்தும்வரை முப்பது வருடம் நடந்தது. 1978-ல் அங்கே போய்ச் சேர்ந்த ஐ.ஐ.டி. இன்ஜினியர் அரவிந்த் குப்தா, வாரச்சந்தையில் இந்த ரப்பர் குழாயைப் பார்த்தார். சின்னத் துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் மூட்டு தயார். மூன்று குச்சி சேர்த்தால் முக்கோணம். எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. நாலு குச்சி சேர்த்தால் சதுரம், தொட்டதும் சாய்ந்துவிடும். கைப்பேசிக் கோபுரத்தில் ஏன் அத்தனை முக்கோணம் என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இன்னொரு பக்கமும் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் என்னும் செய்முறைக்கூடத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்தார்கள். பெரிய நகரத்துப் பள்ளி ஒன்றில் அந்த அறைக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரம் உறை போட்டு மூடியிருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் மாறுதலாகிப் போய்விட்டாராம். புதிதாக வந்தவருக்குத் தொட பயம். திட்டத்தைக் குறை சொல்லவில்லை. அதே திட்டத்தில் ராத்திரி ஏழு மணி வரை பிள்ளைகள் வீட்டுக்குப் போக மறுக்கும் அறையையும் பார்த்தேன். அங்கே இயந்திரத்தின் மூடி உடைந்து, இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. அறை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நான் இப்போதெல்லாம் டேப்பைத்தான் தேடுகிறேன்.

மத்தியானம் பிரியாணி, கூடவே கத்தரிக்காய்த் தொக்கு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்தானா என்று கேட்டேன். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து இந்த ஊரில் எல்லாக் கத்தரிக்காயும் இலவம்பாடிதான். சாப்பிட்டபின் லாட்ஜில் உட்கார்ந்து தீக்குச்சி மருந்தை ஒவ்வொன்றாகச் சுரண்டினேன், நானூறு குச்சி. ரூம் பாய் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

டீச்சருக்கு போன் செய்து ஒரு யோசனை சொன்னேன். நான் கடைசி எட்டு வருடம் செய்தது. ஒரு நோட்டு, அட்டையில் "உடைந்தவை". எது உடைந்தாலும் உடைத்த பிள்ளையே எழுத வேண்டும்: என்ன செய்யும்போது உடைந்தது, உள்ளே என்ன இருந்தது, ஒட்ட முடிந்ததா. தலைமை ஆசிரியர் கையெழுத்து. தணிக்கைக்கு வந்தவர்கள் அந்த நோட்டை எடுத்துக் கதைப் புத்தகம் மாதிரி படித்தார்கள். ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. "எங்க ஹெச்.எம். ஒத்துக்குவாரா சார்?" என்றார் டீச்சர். எனக்கும் சந்தேகம்தான்.

ஐந்தாம் நாள் (ஆகஸ்ட் 18, திங்கள்)

காலையில் பீரோவின் சங்கிலி கழன்று தொங்கியது. பூட்டு தலைமை ஆசிரியர் மேசையில் பேப்பர் வெயிட்டாக உட்கார்ந்திருந்தது. "மேல் தட்டு மட்டும் சார். மைக்ராஸ்கோப் வேணாம்" என்றார். சரி என்றேன். முப்பட்டகம் கைமாறிக் கைமாறி, பத்து மணிக்குள் ஆறாம் வகுப்புச் சுவரில் வானவில் ஓடியது.

கருத்தாளர் பெண்ணும் ஸ்கூட்டியில் வந்துவிட்டார். இன்றைக்கு இந்தப் பள்ளி முறையே இல்லை, ஆனாலும் வந்தார். மைதானத்தில் தென்னங்குச்சிகளை ஈரக் களிமண்ணில் நட்டோம். நட்டது எளிது, நேராக நிறுத்தியதுதான் பெரும்பாடு. ஒரு பக்கம் தூக்குக்குண்டு, மறுபக்கம் ரசமட்டம். "நேரா இருக்கு" என்று கண்ணால் பார்த்துச் சொன்ன பையன்களை எல்லாம் தூக்குக்குண்டு பொய்யர்களாக்கியது.

12.05-க்கு மேகம். பள்ளிக்கூடமே "ஐயோ" என்றது. 12.13-க்கு விலகியது. குச்சிகளின் நிழல் நகக்கண் அளவு. 12.15. ஒருத்தி தண்ணீர் பாட்டிலை வைத்தாள், ஒருவன் சாக்பீஸ் டப்பாவை, சத்துணவு அம்மா எவர்சில்வர் டம்ளரை. 12.17-க்குத் தென்னங்குச்சியின் அடியில் ஒன்றுமே இல்லை. டம்ளருக்கும் இல்லை. பிள்ளைகள் தங்கள் நிழலைக் காலடியில் தேடிக் குதித்தார்கள். நானும் கொஞ்சம் குதித்தேன் என்று நினைக்கிறேன்.

பச்சை ரிப்பன் மட்டும் கொடிமேடையில் உட்கார்ந்திருந்தாள். "சார், இதுக்கு இருக்கு."

போய்ப் பார்த்தால் கம்பத்தின் உச்சி நிழல் அடியிலிருந்து மேற்கே நாலு அங்குலம் தள்ளிக் கிடந்தது. எல்லாரும் சுற்றி நின்றோம். அது மெல்லக் கிழக்கே ஊர்ந்து, கம்பத்தின் அடியில் ஒடுங்கியபோது 12.21.

"அன்னிக்கும் நாலு நிமிஷம்தான் சார்" என்றாள். அப்புறம் அவளே சொன்னாள்: "வெயில் தப்பில்ல. கம்பம்தான் சாஞ்சிருக்கு. மேக்கால."

கலங்கல் நிழல் என்று நான் சொன்ன சமாதானம் அத்தோடு போயிற்று. டீச்சர் அவளைப் பலகைக்குக் கூப்பிட்டார். சூரியன் 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. அப்படியானால் கம்பத்தின் சாய்வும் ஒரு டிகிரி. இருபது அடி ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு, 22/7 போட்டால், 125.7 அடி. அதில் 360-ல் ஒரு பங்கு 0.349 அடி. அங்குலத்தில் நாலே காலுக்குக் கொஞ்சம் குறைவு. உச்சி அவ்வளவு தூரம் மேற்கே நகர்ந்திருக்க வேண்டும்.

இதைச் சரிபார்க்க இருபது அடிக்குத் தூக்குக்குண்டு வேண்டும். என் குண்டின் நூல் ஆறடி. கொடிக்கயிறு இருக்கிறதே என்றான் ஒரு பையன். அதன் முனையில் என்ன கட்டுவது? கல் கட்டினால் நழுவுகிறது. தலைமை ஆசிரியர் அறைக்கு ஒருவன் ஓடி, மேசைமேல் இருந்த பூட்டைக் கொண்டுவந்தான். வளையத்தில் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டு, கப்பிவரை இழுத்துத் தொங்கவிட்டார்கள். காற்றில் ஆடியது, ஒரு ஆட்டத்துக்கு ஐந்து செகண்ட் என்று யாரோ எண்ணினார்கள். கருத்தாளர் பெண் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துவந்து பூட்டை அதில் முங்கவைத்தார். ஆட்டம் அடங்கியது.

"துரு புடிக்கும்மா" என்றார் தலைமை ஆசிரியர். யாரும் காதில் வாங்கவில்லை.

கப்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தூரத்தைக் கழித்தபின், கயிற்றுக்கும் கம்பத்துக்கும் நடுவே நாலரை அங்குலம். மேற்கே.

தலைமை ஆசிரியர் ஸ்கேலை வாங்கித் தானே ஒருமுறை அளந்தார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். இன்னொரு முறை அளந்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "கான்ட்ராக்டருக்கு இன்னும் பில் பாஸ் ஆகல சார்" என்றார் மெதுவாக. "அந்தப் பொண்ணு போட்ட கணக்கை நல்ல தாள்ல எழுதித் தரச் சொல்லுங்க. பில்லோட வெச்சு அனுப்பறேன்."

பச்சை ரிப்பன் கோடு போட்ட தாள் வேண்டாம், வெள்ளைத்தாள்தான் வேண்டும் என்றாள். மூன்று மணிக்கு நான் காட்பாடிக்குக் கிளம்பும்போது இரண்டாவது தாளில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பூட்டு இன்னும் பக்கெட்டில்தான் கிடந்தது.